பின்பக்க லிஃப்ட்

அந்த நாற்காலியில உக்காராதீங்க தம்பி. கோவிச்சுக்கிறாதீங்க. அது என் நாற்காலி. அதுல உக்காந்தாத்தான் படி தெரியும். நீங்க இந்தக் கட்டில்ல உக்காருங்க. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்துட்டு, கரண்டு இல்லாம அந்தப் பின்னாடி வெயில்ல நின்னு என்ன பண்ணப் போறீங்க, லிஃப்ட்டைக் கயிறு கட்டியா இழுப்பீங்க? நாலு மணிக்குப் போச்சு, அஞ்சுக்கு வரும்னு கரண்டு ஆபீஸ்காரன் சொல்றான். அவன் அஞ்சுன்னா அஞ்சரை. பாப்பாத்தி, தம்பிக்கு ஒரு டீ போடு.

என்னது, மறுபடியும் புளியங்கொட்டையா? லிஃப்ட் கதவு ஓடுற அந்தப் பள்ளத்துலயா? அடப் பாவமே. இதோட மூணாவது தடவையா? சின்னப் பிள்ளைக வேலையாத்தான் இருக்கும். இந்த பிளாக்ல சின்னப் பிள்ளையே இல்லையாமா? யார் சொன்னது? யாராச்சும் விருந்தாளிப் பிள்ளை வந்திருக்கும். லீவு நாளு. நீங்க டீயைக் குடிங்க.

என் பேரு வீரணன். கண்டக்டர். மதுரை-தேனி ரூட்ல இருபத்தொம்பது வருசம் விசில் ஊதினவன். படிப்பு அஞ்சாப்பு. ஆனா காது இருக்கு பாருங்க, அது எம்.ஏ. பஸ்ஸுல அறுபது பேரு பேசுற சத்தத்துல, பின் சீட்டுல ஒருத்தன் சில்லறையை உள்ளங்கையில வச்சுக்கிட்டுக் குடுக்கலாமா வேணாமான்னு உருட்டுற சத்தம் எனக்குக் கேக்கும்.

இந்தக் கட்டடத்தை நல்லாப் பாத்தீங்களா? போக்குவரத்துல வேலை பாத்தவங்களுக்குன்னு கட்டுனது. பதினாறு வீடு. கீழ நாலு, மேல மூணு மாடிக்கும் நாலு நாலு. ஏறி எறங்க இந்த ஒரே படிதான். மொதப் படி என் வாசல்ல இருந்து ரெண்டு முழம். நான் காலை நீட்டுனா இடிக்கும். எந்தப் புண்ணியவான் வரைஞ்சானோ தெரியலை. அவன் இழுத்த அந்த ஒரு கோடுதான் தம்பி பதினாறு வீட்டையும் ஒரே குடும்பமா ஆக்குச்சு. பால் வாங்கணுமா, என் வாசலைத் தாண்டணும். பொண்ணு பாக்க வர்றாங்களா, என் வாசலைத் தாண்டணும். ஒருத்தரு செத்தாலும் இந்த வழியாத்தான் எறக்கணும். இருபத்தி நாலு வருசம் இந்தக் கதவைப் பகல்ல சாத்துனது கிடையாது. வேணும்னா என் பொண்டாட்டி, அவளையே கேளுங்க.

அவ பேச மாட்டா. முறத்தை வச்சுக்கிட்டுப் புளியில கொட்டை எடுத்துக்கிட்டு இருக்கா. வருசத்துப் புளி.

எனக்கு ஆளைப் பாக்கவே வேணாம். கால் சத்தம் போதும். ரெண்டாவது மாடி திருப்பதி, டிப்போவுல மெக்கானிக்கா இருந்தவரு, குதிகாலை ஊனி ஏறுவாரு. ஒருநாள் ரெண்டு படி ஏறி ஒரு படி நின்னாருன்னா உள்ள சரக்கு இறங்கியிருக்குன்னு அர்த்தம். நான் இங்க இருந்தே கத்துவேன், "திருப்பதி வண்டி வருதுப்பா, இன்னைக்கு லோடு ஜாஸ்தி!" மேல வரைக்கும் எல்லாரும் சிரிப்பாங்க. அவரு பொண்டாட்டி மட்டும் சிரிக்காது. அது சுபாவம் அப்படி.

சும்மா சிரிக்கிறதுக்கு மட்டும் இல்லை. மொத மாடியில கமலவேணி டீச்சர்னு ஒரு அம்மா, தனியா இருந்தாங்க. காலையில ஆறே காலுக்கு அவங்க செருப்பு சரக் சரக்குன்னு எறங்கும். ஒருநாள் ஆறரை ஆச்சு, சத்தத்தைக் காணோம். ஏழுக்கும் காணோம். நான் போய்த் தட்டுனேன். பதில் இல்லை. கதவை உடைச்சிட்டேன். குளியலறையில விழுந்து கிடக்காங்க, இடுப்பு எலும்பு ஒடிஞ்சு. டாக்டரு சொன்னாரு, இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா ஆளு இல்லைன்னு. அதுக்கு அப்புறம் ஆறு வருசம் இருந்தாங்க. இந்தக் கதவு தொறந்து இருந்ததால, இந்தப் படி இங்க இருந்ததால. சொல்லுங்க தம்பி, இது தப்பா?

கூரியர் வந்தா நான்தான் வாங்கி வைப்பேன். சாவி என்கிட்டத்தான் இருக்கும். யாரு வந்தா, யாரு போனா, எப்ப வருவாங்க, எல்லாம் எனக்குத் தெரியும். ஏறுறவங்களை ஒரு வார்த்தை கேப்பேன். "எங்க இருந்து வர்றீங்க? பையில என்ன? யாரு வீட்டுக்கு?" டிக்கெட்டா கேட்டேன்? ஒரு வார்த்தை. மனுசனை மனுசன் கேக்குறது.

அப்படி இருந்த எனக்கு எதிராத்தான் தம்பி, பதினாலு கை தூக்குனாங்க.

இருங்க, வர்றேன். மொதல்ல சவரியைச் சொல்லணும்.

மூணாவது மாடி, வலது பக்கக் கடைசி வீடு. சவரிமுத்து. என் டிரைவர். பதினெட்டு வருசம் ஒரே வண்டி. டிரைவரும் கண்டக்டரும் அப்படி அமையுறது புருசன் பொண்டாட்டி அமையுற மாதிரி. அவன் முகத்தை நான் பாக்குறதே இல்லை, பிடரியத்தான் பாப்பேன். என் முகத்தை அவன் பாக்குறதே இல்லை, விசிலைத்தான் கேப்பான். ஒரு விசில், நிக்கணும். ரெண்டு விசில், போகணும். ஆண்டிபட்டிக் கணவாய் எறக்கத்துல மழை கொட்டும்போது நான் ஒரு விசில் ஊதுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டான். கால் தானாப் பிரேக்குக்குப் போயிரும். ஒரு தடவை அப்படி நிறுத்தினதுல பின் படியில இருந்து விழப்போன பள்ளிக்கூடத்துப் பிள்ளை தப்பிச்சுச்சு. இறங்கி வந்து பாத்துட்டு அவன் சொன்னது ஒரே வார்த்தை: "நல்லவேளை."

இந்த வீடு கூட அவன் குடுத்ததுதான். ஆமா. குலுக்கல்ல சவரிக்குத்தான் இந்தக் கீழ் வீடு விழுந்துச்சு. எனக்கு மூணாவது மாடி. அப்ப நான் குடலிறக்க ஆபரேசன் பண்ணிட்டு வந்திருந்தேன். "மாப்ள, படியேற முடியாதுடா"ன்னேன். சீட்டைக் கையில குடுத்துட்டான். லூர்து, அவன் சம்சாரம், கீழ் வீட்டு வாசல்ல ரோஜாத் தொட்டி கூட வச்சிருச்சு. தொட்டியைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறுனாங்க. அப்பேர்ப்பட்ட சிநேகம் தம்பி எங்களுது. அதனாலதான் வலிக்குது.

அவனுக்கு ஒரே பொண்ணு, ரோஸ்லின். இந்தப் படியில வளந்த பிள்ளை. அது ஏறுறது தனிச் சத்தம். ரெண்டு ரெண்டு படியாத் தாவி ஏறும். ஒவ்வொரு மாடித் திருப்பத்துலயும் கடைசிப் படிக்கு மட்டும் ரெண்டு காலையும் சேத்து வச்சு ஒரு குதி. தட் தட் தட், தொப். அஞ்சு வயசுலயும் அப்படித்தான், இருபத்தி மூணு வயசுல மூக்குக்கண்ணாடிக் கடையில வேலைக்குப் போனப்பவும் அப்படித்தான். அந்தத் தொப் கேட்டா நான் சிரிச்சுக்குவேன். "வந்துட்டாடி ஒன் மகாராணி"ன்னு இவகிட்ட சொல்லுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை பாருங்க.

ஒரு வருசம், சித்திரை முடிஞ்சிருக்கும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தட் தட் தட் கேக்குது, கூடவே இன்னொரு காலு. தோல் செருப்பு, கீச்சு கீச்சுன்னு. இந்தக் கட்டடத்துக் காலு இல்லை. நான் தலையைத் தூக்கிப் பாக்குறதுக்குள்ள மேல போயிருச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல ரெண்டும் நின்னுச்சு. பத்து நிமிசம். அப்புறம் கீச்சு மட்டும் எறங்கி வருது. நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான். "யாரு தம்பி"ன்னேன். "வணக்கம் சார்"னான். வணக்கம்தான் சொன்னான், யாருன்னு சொல்லலை. அடுத்த செவ்வாயும் அதே மாதிரி. வியாழனும்.

அஞ்சு வாரம் பொறுத்தேன் தம்பி. அஞ்சு வாரம். யாராச்சும் பொறுப்பாங்களா?

அந்த ஞாயித்துக்கிழமை கீழ்த் தொட்டி கழுவுற நாள். மாசத்துக்கு ஒருநாள் தண்ணித் தொட்டியை எல்லா வீட்டு ஆளும் சேந்துதான் கழுவுவோம். ஒருத்தரு உள்ள எறங்கித் தேய்க்க, மத்தவங்க வரிசையா நின்னு வாளியைக் கை மாத்தி விடுவோம். பெருசு சிறுசு எல்லாம் நிக்கும். பிறகு இட்லி, வடை. அன்னைக்கும் எல்லாரும் நின்னாங்க. சவரியும் நின்னான், லூர்து நின்னுச்சு, ரோஸ்லினும் பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வாளி வாங்குது. நல்ல கலகலப்பு. நான் சும்மா, சிரிப்பா, அந்தக் கலகலப்புல சொன்னேன்: "ஏப்பா சவரி, ஒன் வண்டியில டிக்கெட் இல்லாம ஒரு ஆளு ஏறி, செவ்வாயும் வியாழனும் ரெண்டாவது மாடி ஸ்டாப்புல எறங்குறான். கவனிச்சியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. சத்தியமா எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. திருப்பதி பொண்டாட்டி கூடச் சிரிச்சுச்சு.

பஸ்ஸுல எங்க முறையே அதுதான். டிக்கெட் எடுக்காதவனைக் காதுல போய்ச் சொல்லக் கூடாது. சத்தமாச் சொல்லணும். ஒருத்தன் வெக்கப்பட்டா நாப்பது பேரு ஒழுங்கா எடுப்பான். அது தொழில் பழக்கம். வாய்ல வந்துருச்சு. மனசுல ஒண்ணும் இல்லை.

ரோஸ்லின் வாளியைக் கீழ வச்சிச்சு. தண்ணி சிந்தாம வச்சிச்சு. படியேறிப் போச்சு. ஒவ்வொரு படியா. அந்தக் குதி இல்லை. அது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. சவரி அன்னைக்கு வடை சாப்பிடலை, வயிறு சரியில்லைன்னான்.

ஒரு மாசத்துல அந்தப் பிள்ளை கோயம்புத்தூருக்கு வேலை மாத்திக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிருச்சு. நல்ல சம்பளமாம். போறப்ப லூர்துகிட்ட, "இந்தப் படியில இனிமே கால் வைக்க மாட்டேன்"னு சொல்லுச்சாம். எந்தப் படி மேல என்ன கோவமோ, வயசுப் பிள்ளைக பேசுறதுக்கு அர்த்தமா இருக்கு? அந்தப் பையனும் பிறகு வரவே இல்லை. பாத்தீங்களா? நல்லவனா இருந்தா வந்திருப்பான்ல? நான் சொன்னது சரிதான்னு அதுலயே தெரியலையா?

கிறிஸ்துமஸுக்கு ரோஸ்லின் வரலை. ஈஸ்டருக்கும் வரலை. இவங்கதான் ரயில் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. அப்படியே ரெண்டு வருசம். சவரி சாயங்காலம் என்கூட உக்காந்து பேசுறதும் கொறஞ்சு போச்சு. நான் என்ன நெனச்சேன்? மூட்டு வலி, அதான் எறங்குறதில்லைன்னு நெனச்சேன். அவனுக்கு இடது முட்டி போயிருச்சு. கிளட்ச் மிதிச்சு மிதிச்சுத் தேஞ்ச முட்டி. வலது காலை வைப்பான், இடதை அதுகிட்ட இழுத்துச் சேப்பான், நிப்பான். அந்தச் சத்தம் கேட்டா என் முட்டியில வலிக்கும் தம்பி.

அதனாலதான், நல்லாக் கேட்டுக்கங்க, அதனாலதான் நானே கெளம்புனேன். லிஃப்ட் வேணும்னு மொதல்ல சொன்னது யாரு? நான். கீழ் வீட்டுக்காரனுக்கு எதுக்கு லிஃப்ட்டு? எனக்கு ஒரு நாளும் வேணாம். சவரிக்காக. வீடு வீடா ஏறிக் கையெழுத்து வாங்குனேன். சங்கத்து ஆபீசுக்கு எட்டு மாசம் நடந்தேன். "என்ன பெருசு, ஏரோப்ளேன் கேக்கலையா"ன்னு நக்கல் பண்ணுனாங்க. விடலை. வந்துச்சு.

ஒரு எஞ்சினியர் பொண்ணு பெரிய காகிதத்தைக் கொண்டாந்து மொட்டை மாடியில விரிச்சுச்சு. ரெண்டு எடம் குறிச்சிருந்துச்சு. ஒண்ணு முன்பக்கம், இந்தப் படியை ஒட்டி, அந்தா, அந்த ஜன்னல் பக்கம். ஒண்ணு பின்பக்கம், பைக் நிறுத்துற ஷெட்டுகிட்ட, வராந்தாக் கோடியில. "முன்னாடி வச்சா கேட்டுக்குக் கிட்ட, மழையில நனையாமப் போகலாம். பின்னாடி வச்சா கட்டடத்தைச் சுத்திக்கிட்டுப் போகணும். ஒங்க இஷ்டம்"னு சொல்லுச்சு. படிச்ச பொண்ணு, சரியாத்தான் சொல்லுச்சு.

இதுல யோசிக்க என்னங்க இருக்கு? நான் "முன்னாடி"ன்னு கையைத் தூக்கிட்டேன். தூக்கிட்டுச் சுத்தியும் பாக்குறேன். ஒத்தக் கை. என் கை மட்டும்.

"பின்னாடி வேணுங்கிறவங்க?"ன்னு கேட்டுச்சு.

மொதல்ல எந்திருச்ச கை யாரு கை தெரியுமா? பதினெட்டு வருசம் ஸ்டீரிங் பிடிச்ச கை. அந்தக் கையோட முழங்கையில எஞ்சின் சூடு பட்ட தழும்பு ஒண்ணு இருக்கும். அந்தத் தழும்பைத்தான் பாத்தேன். அப்புறம் திருப்பதி. அப்புறம் அவரு பக்கத்துல, அப்புறம் எல்லாரும். பூட்டிக் கிடக்குற வீடு ஒண்ணு போக, என்னைய விட்டா மிச்சம் எத்தனை? பதினாலு. பதினாலு கை.

"ஏன்டா சவரி, சுத்திக்கிட்டு நடக்கணும்டா, ஒன் முட்டிக்கு"ன்னேன். என் குரலே எனக்குக் கேக்கலை.

அவன் என்னையப் பாக்காம அந்த எஞ்சினியர் பொண்ணுகிட்டச் சொன்னான்: "நான் நடந்துக்கிறேன்மா. எங்க வீட்டுக்கு வரவேண்டிய ஆளு ஒண்ணு இருக்கு. அதுக்கு இந்த வழி ஒத்துவராது."

யாரைச் சொல்றான்னு எனக்குப் புரியலை. அவன் மாமியாரைச் சொல்றான்போலன்னு நெனச்சேன். அந்தம்மாவுக்குப் பக்கவாதம். பக்கவாதக்காரங்களுக்கும் முன்பக்கம்தானே வசதி? இவ என் பக்கத்துல இருந்தா. என் சட்டையைப் பிடிச்சு இழுத்து மெதுவாச் சொன்னா: "கையை எறக்குங்க. போதும்." அது வரைக்கும் நான் தூக்குன கையை எறக்கவே இல்லை.

லிஃப்ட் ஓட ஆரம்பிச்ச நாளுல இருந்து இந்தப் படி செத்துப் போச்சு தம்பி. கேட்டுல நுழையுறாங்க, அப்படியே சுவரை ஒட்டிச் சுத்திக்கிட்டுப் பின்னாடி போறாங்க. மழையில நனைஞ்சுக்கிட்டுப் போறாங்க! மொத மாடிக்காரங்க கூட லிஃப்ட்டு. திருப்பதி குடிக்கிறாரா விட்டுட்டாரா எனக்குத் தெரியாது. யாரு வீட்டுக்கு என்ன கூரியர் வருது, தெரியாது. தொட்டி கழுவ இப்ப ஆள் வச்சு மருந்து போடுறாங்க. பதினாறு வீடும் பதினாறு தீவாப் போச்சு. எல்லாம் அந்த லிஃப்ட்டை வச்ச எடம். எடம் மாறுனா மனுசன் மாறிருறான். நான் சங்கத்துல இதைச் சொன்னா சிரிக்கிறாங்க.

என்னங்க? இவளா? இவ போவா. தெனமும் மேல போவா. லிஃப்ட்டுலதான். லூர்துகிட்டப் பேசுவா, திருப்பதி சம்சாரத்துகிட்ட மாவு குடுப்பா, அவங்க குழம்பு குடுப்பாங்க. மேல மொட்டை மாடியில பொம்பளைக எல்லாம் சேந்து வத்தல் போடுறாங்களாம். சாயங்காலம் எல்லா வீட்டுக் கதவும் தொறந்துதான் கிடக்குமாம், சிரிப்பும் கூத்துமா. இவ சொல்லித்தான் தெரியும். ஆனா பாருங்க, அது வேற. பழைய ஒத்துமை வராது.

கிறிஸ்துமஸுக்கு இவ ஒரு டப்பாவுல கேக்கு கொண்டாந்தா. யாரு குடுத்ததுன்னேன். ரோஸ்லின் கோயம்புத்தூர்ல இருந்து வாங்கியாந்ததாம். எப்ப வந்தான்னேன். வந்து நாலு நாளாச்சாம். நாலு நாளு! அது பிறகும் மாசம் ஒருக்கா வந்துட்டுத்தான் போகுதாம். என் காதுக்குத் தெரியாம. நான் தூக்கி வளத்த பிள்ளை, என் தலைக்கு மேல மூணு மாடி தள்ளி நாலு நாளா நடந்துருக்கு, நான் இங்க கல்லு மாதிரி உக்காந்துருக்கேன். ஏன் சொல்லலைன்னு இவகிட்டக் கேட்டேன். "நீங்க கேக்கலை"ன்னா. நான் கேக்கலையாம். கேக்காத ஆளா நானு?

அந்தக் கேக்கை நான் தொடலை.

ஜனவரியில ஒருநாள் லிஃப்ட் நின்னுருச்சு. அது நெசமாவே நின்னது, மோட்டார் கோளாறு, நீங்கதானே வந்தீங்க. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு சர்ச்சுக்குப் போயிட்டு வந்த சவரி இந்தப் படிக்கு வந்தான். வலது காலு. இழுவை. நிப்பு. வலது காலு. இழுவை. நிப்பு. எட்டு மாசமாப் பேச்சு இல்லை. நான் இந்த நாற்காலியில இருக்கேன், அவன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முதுகைக் காட்டிக்கிட்டு ஏறுறான். அதே பிடரி. நரைச்சிருச்சு.

பழைய விசில் எப்பவும் இந்தச் சட்டைப் பையிலதான் கிடக்கும். எடுத்து ஒரு விசில் ஊதுனேன்.

நின்னுட்டான் தம்பி.

தூக்குன காலு அந்தரத்துல அப்படியே நின்னுருச்சு. பதினெட்டு வருசப் பழக்கம், எங்க போகும்? எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. திரும்பிருவான், "என்னடா"ன்னு கேட்டுருவான்னு இருந்தேன். அஞ்சு எண்ணுற நேரம் நின்னான். திரும்பலை. அப்புறம் அவனாவே, அவன் வாயாலயே, "போலாம் ரைட்"டுன்னு சொல்லிட்டு ஏறிப் போயிட்டான்.

கண்டக்டர் சொல்லணும் அந்த வார்த்தையை. டிரைவர் சொல்லிட்டுப் போறதை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுக்கு அவன் என்னையக் கீழ எறக்கி விட்டுட்டுப் போயிருக்கலாம்.

ஏன் அந்த முறத்தையே பாக்குறீங்க தம்பி? புளியங்கொட்டை எல்லா வீட்டுலயும்தான் இருக்கும்.

சரி. நான்தான். பாப்பாத்தி, நீ உள்ள போ. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், போன தடவையே "கொட்டை கொறையுது"ன்னு சொன்னியே.

நான்தான் தம்பி. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. ரெண்டே கொட்டை. பெருசா ஒண்ணும் கெட்டுப் போகாதுன்னு பாத்துத்தான் போட்டேன். லிஃப்ட் நின்னா ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம், பழையபடி ஆயிருது. எல்லாக் காலும் இந்த வழியா வருது. திருப்பதி குதிகாலை ஊனுறது கேக்குது. போன தடவை அவரு, "என்ன கண்டக்டரே"ன்னு ஒரு வார்த்தை கூடக் கேட்டாரு. அவன் மட்டும் இன்னும் நிக்கலை. இன்னைக்கு நிப்பான். நாளைக்குப் பெரிய வெள்ளி, சர்ச்சுக்குப் போயிருக்கான், அஞ்சே முக்காலுக்குத் திரும்பிருவான். கரண்டு வந்தாலும் ஆறு மணிக்கு மேலதான் சரியாகும்னு மட்டும் சொல்லிருங்க. ஒங்க காலைப் பிடிச்சுக்கிறேன். ஒரே ஒரு தடவை. இன்னைக்கு விசில் ஊத மாட்டேன், வாயால கூப்புடுவேன். "மாப்ள"ன்னு.

இருங்க. ஆட்டோ நிக்குது.

சீக்கிரமா வந்துட்டான். கேட்டு. சவரி காலுதான். கூட ஒரு காலு இருக்கு. சுவரை ஒட்டிப் பின்னாடி போறாங்க. ம். லிஃப்ட்டைப் பாத்துருப்பாங்க. இந்தா, திரும்பி வர்றாங்க. வர்றான் தம்பி, வர்றான். சட்டை சரியா இருக்கா எனக்கு?

என்ன, சத்தத்தைக் காணோம்? எங்க நின்னுட்டாங்க? பாப்பாத்தி, பின்பக்க ஜன்னல் வழியாப் பாரு.

ஷெட்டு ஓரத்துல நிக்கிறாங்களா? வெயில்லயா? எதுக்கு? கரண்டு எப்ப வரும்னு தெரியாம எதுக்கு நிக்கணும்? அவன் முட்டிக்கு நிக்க முடியாதே. ஏறி வந்துற வேண்டியதுதானே, படி என்ன கடிக்கவா செய்யும்?

என்ன சொன்ன?

இன்னொரு தடவை சொல்லு.

"நீங்க நாற்காலியில இருக்கீங்கள்ல. அந்தப் பிள்ளை எப்படி வரும்?"னு சொல்றா தம்பி. கேட்டீங்கள்ல? எனக்கும் கேட்டுச்சு. எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.

...

கைப்பை, துணிப்பை எல்லாம் வச்சிருக்கா? அவன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானா? இடது காலைத் தூக்கிக்கிட்டா?

தம்பி, அந்த நாற்காலியை உள்ள எடுங்க. எனக்குக் குனிய முடியலை. ஆமா, உள்ள. இன்னும் உள்ள. இப்ப அந்தக் கதவைச் சாத்துங்க. வாசக் கதவைத்தான். இழுத்துச் சாத்துங்க, பழக்கம் இல்லாத கதவு, கீழ உரசும். நல்லாக் கேக்குற மாதிரிச் சாத்துங்க. தாப்பாளும் போடுங்க. அவங்களுக்குக் கேக்கணும்.

இருட்டாத்தான் இருக்கும். உக்காருங்க. இப்ப அந்த நாற்காலியில உக்காந்துக்கங்க, பரவாயில்லை.

பேசாதீங்க.

ம். வர்றாங்க. வலது காலு, இழுவை, நிப்பு. மொதப் படி. என் வாசல். மூச்சு வாங்குறான். ரெண்டு. மூணு. விசிலா? பையிலதான் இருக்கு. இருக்கட்டும். நீங்க வேணா வச்சுக்கங்க, இந்தாங்க, என் கைக்கு எட்டாம வைங்க.

பின்னால இன்னொரு காலு வருது. ஒவ்வொரு படியா வருது. மெதுவா. வாசல்ல நின்னுச்சு. நின்னுக்கிட்டே இருக்கு. கதவைப் பாக்குது போல.

ஏறுது. ஒண்ணு. ரெண்டு. இப்ப தாவுது. தட். தட். தட்.

தொப்.

கேட்டுச்சா தம்பி?

யாரு காலா? அது யாருன்னா கேக்குறீங்க?

தெரியலை தம்பி. எனக்கு எப்படித் தெரியும்? கதவு சாத்தியிருக்குல்ல.